இனிப்பும் கசப்பும்

துறையூரிலிருந்து உப்பிலியபுரத்தைக் கடந்து செல்லும் சாலை, கொல்லிமலையின் அடிவாரத்தை எட்டுமிடத்தில் புளியஞ்சோலை அமைந்திருக்கிறது. மலையின் மேற்பகுதி நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அடிவாரமோ திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு உரியது. மேலே ஆகாய கங்கையாக விழுகின்ற ஐயாறு, பாறைகளுக்கிடையே நெளிந்து இறங்கி இங்கு வந்து சேர்கிறது. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து, கல் கூட்டி அடுப்பு மூட்டி, ஆக்கி உண்டு, குளித்து மகிழ்ந்து திரும்புவார்கள். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. கொடுத்தவர்களை ஏழு பேர் என்று எண்ணிப் பெயர் சொல்லிப் போற்றுகின்ற நம் தமிழுலகம், கொடுத்ததை முகம் கோணாமல் வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்களை அவ்வாறு எண்ணிப் போற்றியதாகத் தெரியவில்லை. வள்ளுவனாரும் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்துண்பவனுக்கென்று தனியே அதிகாரம் வகுக்கவில்லை.

விருந்தோம்பல் என்பது கொடுப்பதோடு நிறைவெய்திவிடுகிறதா? வந்தவன் தரும் உணவை நாம் வாங்கி உண்ண மறுத்தால், நாம் முன்னர் அவனுக்கு இட்ட உணவின் நிலை என்ன? முப்பதாண்டு காலம் மத்ரஸாவில் பாடம் நடத்திய எனக்கு இந்த வினா ஐம்பது வயதுக்கு மேல்தான் எழுந்தது. எழுப்பியவர் ஸூடான் நாட்டு மாணவர் ஒருவர். விடையின் ஒரு பகுதி புளியஞ்சோலையில் ஒரு விவசாயியின் வீட்டில் கிடைத்தது.

அந்த மாணவர் 2022ஆம் ஆண்டு திருச்சிக்குப் படிக்க வந்தார். எங்கள் தெருவின் கோடியில் மாடியறை ஒன்றில் வேறு இரு மாணவர்களோடு தங்கியிருந்தார். முதன்முதலாகப் பள்ளிவாசலில் ஸலாம் சொல்லிப் பேசியபோது என்னுடைய அரபியைக் கேட்டு அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது. நான் பேசுவது வானொலியில் செய்தி வாசிப்பது போலிருக்கிறதாம்! இலக்கணம் பிசகாத அரபியில், "தம்பி, காய்கறி வாங்கியாயிற்றா?" என்று கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவருடைய ஸூடானிய வழக்கு எனக்குப் பாதிதான் விளங்கும். ஆயினும் பழகிவிட்டோம். என்னை உஸ்தாத் என்பார். என் வீட்டாரைக் காலத்தீ, அதாவது சின்னம்மா, என்பார்.

அயல்நாட்டு மாணவர் தமிழகத்துக்கு வருவது புதிதன்று. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை நாடி இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து ஓதிச் சென்றிருக்கிறார்கள். அவர்கள் எந்தெந்த நூல்களை ஓதினார்கள் என்பது பேசப்படுகிறது. என்ன உண்டார்கள், ஊரிலிருந்து எதைக் கொண்டுவந்து யாருக்குக் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்? ஆனால் அடுப்பங்கரைக்கு நீண்ட நினைவு உண்டு. கீழக்கரையின் தொதல் இனிப்புக்கு அப்பெயர் மலாய் மொழியிலிருந்து வந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கொண்டாடப்படும் வட்டலாப்பம், இலங்கை வாழ் மலாய் மக்களோடு உறவுடையது. நம்மவர்கள் பினாங்குக்குச் சென்று தோளில் காவடித் தண்டு சுமந்து சோறும் கறியும் விற்றதனால் பிறந்தது அங்குள்ள நாசி கந்தார். யாரோ ஒருவர் கொடுக்க, யாரோ ஒருவர் தயங்காமல் வாங்கிச் சுவைத்திருக்கிறார். அதனால்தானே இவையெல்லாம் நமக்குக் கிடைத்தன?

தயங்கியவர்களும் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் நம் கடற்கரைகளுக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, ஹோனாவர் சுல்தானின் விருந்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நெய்யிட்ட சோறு, ஊறுகாயாக மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய், பிறகு கோழி, மீன், தயிர் என்று ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துகிறார். அவ்வளவையும் புகழ்ந்துவிட்டு, மலபாரிலும் மஃபரிலும் இலங்கையிலும் மாலத்தீவிலுமாக மூன்றாண்டுகள் சோறன்றி வேறு உண்ணாமல், இறுதியில் தண்ணீரைக் குடித்துத்தான் சோற்றை விழுங்க முடிந்தது என்று ஒப்புக்கொள்கிறார். உலகைச் சுற்றிய அந்தக் காழியின் நாவும் கோதுமை ரொட்டிக்காக அழுதிருக்கிறது! நாவுக்கும் ஒரு தாய்நாடு உண்டு என்பதை அவரே மறைக்கவில்லை. அதே நூலில் அவர் இன்னொரு செய்தியும் தருகிறார். மலபாரில் முஸ்லிம் குடிகள் இல்லாத ஊர்களில், அங்குள்ள மக்கள் முஸ்லிம் வழிப்போக்கனுக்கு உணவு சமைத்து வாழை இலையில் பரிமாறுவார்களாம். ஆனால் தம் பாத்திரத்தில் உண்ணவிட மாட்டார்களாம். அன்னம் உண்டு, ஆனால் கலத்தில் பங்கில்லை. இதைப் படித்தபோதெல்லாம் அக்காலத்து வழக்கத்தைக் குறித்து மனத்துக்குள் குறைகூறிக்கொண்டுதான் இருந்தேன், என் வீட்டிலேயே அப்படி ஒன்று நடக்கும்வரை.

2023ஆம் ஆண்டு ரமளான். மார்ச் மாதக் கடைசியில் நோன்பு தொடங்கியது. நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த மாணவருக்குக் கஞ்சி முதலில் பிடிபடவில்லை. வெந்தயமும் பூண்டும் கலந்த அந்த மணம் அவருக்குப் புதிது. ஆயினும் முதல் நாளே ஒரு கோப்பையைக் குடித்து முடித்தார். மூன்றாம் நாள் இரண்டாவது கோப்பை கேட்டார். என் வீட்டார் அன்றாடம் வடையும் சமோசாவும் அவர் அறைக்கு அனுப்பிவைத்தார். நாங்கள் பெரிய விருந்தோம்பிகள் என்ற எண்ணம் எனக்குள் மெல்ல முளைத்திருந்தது என்பதை இப்போது உணர்கிறேன்.

அவர் தம் நாட்டு வழக்கத்தைச் சொல்லியிருந்தார். ஸூடானில் ரமளான் மாலைகளில் ஆடவர் தெருவிலே பாய்களை விரித்து, வீட்டுக்கு வீடு பெரிய வட்டத் தட்டங்களில் உணவைக் கொண்டுவந்து வைத்து, ஒன்றாக அமர்வார்கள். அந்தத் தட்டத்துக்கு ஸீனிய்யா என்று பெயர். ஸீன் என்றால் சீனம். சீனத்தின் பெயர் தாங்கிய தட்டத்தில் ஆப்பிரிக்கத் தானியத்தை அரபி பேசிக்கொண்டு உண்கிறார்கள்! அல்-ஜஸீரா வட்டாரத்து நெடுஞ்சாலையோரக் கிராமத்தார் தலைப்பாகைத் துணிகளை அவிழ்த்துச் சாலைக்குக் குறுக்கே பிடித்துப் பேருந்துகளை நிறுத்தி, பயணிகளைக் கட்டாயப்படுத்தி இறக்கி நோன்பு திறக்கச் செய்வார்களாம். அப்படிப்பட்ட நாட்டில் வளர்ந்த பிள்ளை, இங்கே தினமும் தூக்குவாளியில் கஞ்சி வாங்கிச் செல்பவராக இருந்தார்.

நோன்பின் முதல் வாரத்தில் ஒரு நாள், மஃரிபுக்குச் சற்று முன்னதாக, அவர் ஒரு கூஜாவைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் ஒரு பானம். பெயர் ஹுலூ முர். இனிப்பும் கசப்பும் என்று பொருள். சோளத்தை முளைகட்டி உலர்த்தி அரைத்து, மாவைப் புளிக்கவைத்து, இஞ்சி, பட்டை, ஏலம், கருஞ்சீரகம் முதலியன சேர்த்து, சூடான கல்லில் மெல்லிய ஏடுகளாக வார்த்தெடுத்துக் காயவைப்பார்கள். நோன்பு திறக்கும் வேளையில் அந்த ஏடுகளை நீரில் ஊறவைத்து வடித்துச் சர்க்கரை சேர்த்துப் பருகுவார்கள். ரமளானுக்கு முந்திய வாரங்களில் ஸூடானின் தெருக்களெங்கும் இந்த வாசம்தான் வீசும் என்றார். அவருடைய தாயார் உம்முதுர்மான் நகரில் தம் கையால் வார்த்து, திருச்சிக்குத் திரும்பிய வேறொரு மாணவர் வழியாக அனுப்பிவைத்த ஏடுகள் அவை.

கூஜாவைத் திறந்ததும் புளித்த வாடை எழுந்தது. பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். என் வீட்டார், "வாசனை ஒரு மாதிரியாக இருக்கிறதே" என்றார். எனக்கோ உடனே ஓர் ஐயம். புளிக்கவைத்த தானியப் பானமாயிற்றே, போதை தருவதாக இருந்துவிட்டால்? பேணுதல் வேண்டுமல்லவா? பாங்கு சொல்லப்பட்டது. பேரீச்சம்பழமும் கஞ்சியுமாக நோன்பு திறந்தோம். இரவு தராவீஹுக்குப் புறப்படும் முன் அந்தக் கூஜாவைக் கொல்லைப்புறத் தென்னை மரத்தடியில் நானே கவிழ்த்தேன்.

மறுநாள் காலை கூஜாவை வாங்கிச் செல்ல வந்தவர், கொல்லைப்புறக் குழாயில் முகம் கழுவப் போனார். தென்னையின் அடியில் மண் சிவந்திருந்தது. சர்க்கரைக்கு வந்த எறும்புகள் அங்கே கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தன. அவர் சற்று நின்றார். பிறகு திரும்பி வந்து, "காலத்தீக்குப் பிடித்ததா?" என்று கேட்டார். "மாஷா அல்லாஹ், நன்றாக இருந்தது" என்று சொன்னது என் நாவுதான்.

அந்த ரமளானின் கடைசிப் பத்தில், ஏப்ரல் 15ஆம் நாள், கார்த்தூமில் போர் மூண்டது. இராணுவமும் விரைவு ஆதரவுப் படையும் மோதிக்கொள்ள, நைல் ஆற்றின் இரு கரைகளிலும் குண்டுகள் விழுந்தன. உம்முதுர்மானிலிருந்து நாட்கணக்கில் தொலைபேசித் தொடர்பு கிட்டவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு அவருடைய தாயார் தெற்கே வத் மதனிக்குச் சென்றார் என்ற செய்தி பெருநாளுக்குப் பிறகே வந்தது. ரமளானுக்கு முன்பு அந்த அம்மையார் வார்த்த ஏடுகள், அந்த வீட்டு அடுப்பில் அவர் வார்த்த கடைசி ஏடுகளாகிவிட்டன. அதில் ஒரு பங்கு என் தென்னைக்குப் போயிற்று.

என் தவற்றை எடைபோட்டுப் பார்க்கையில், முதலில் என் பேணுதல் எப்படிப்பட்டது என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பேரீச்சம்பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ நீரில் ஊறவைத்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பருகி வந்ததையும், அது போதை தரும் நிலைக்குப் போகும் முன் நிறுத்திக்கொண்டதையும் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். நபீத் எது, மது எது என்று பலகையில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுகிறவன். ஐயம் உண்மையானதாக இருந்திருந்தால் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று, கேட்டிருக்க வேண்டும். "தம்பி, இது எவ்வளவு நேரம் ஊறியது? இதில் மயக்கம் உண்டா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். கல்லில் சுட்டுக் காய்ந்துபோன ஏட்டைச் சற்று முன்னர் நீரில் போட்டதாக அவர் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. ஏனெனில் எனக்கு இருந்தது ஐயமன்று, அருவருப்பு. நாவின் அருவருப்புக்கு மார்க்கத்தின் சட்டையை மாட்டிவிட்டேன். நம் குடும்பங்களில் இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அருவருப்புக் கொள்வதே குற்றமா என்று கேட்பீர்களாயின், இல்லை என்பதே விடை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட பாலை உடும்பு பரிமாறப்பட்டது. இன்னதென்று அறிந்ததும் நபிகளார் கையை எடுத்துக்கொண்டார்கள். இது விலக்கப்பட்டதா என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் வினவ, விலக்கப்பட்டதன்று, தம் மக்களின் நிலத்தில் இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று விடை வந்தது. காலித் (ரலி) அதைத் தம்பக்கம் இழுத்து உண்டார்கள்; நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தம் நாவுக்குப் பழக்கமில்லை என்பதைப் பழக்கமில்லை என்றே சொன்னார்கள். ஹராம் என்ற பெயரை அதற்குச் சூட்டவில்லை. உண்டவரை முகம் சுளித்துப் பார்க்கவுமில்லை. மறைவாகக் கொட்டிவிட்டு நன்றாக இருந்தது என்று சொல்வதற்கு இந்நிகழ்ச்சியில் எங்கே இடமிருக்கிறது?

இன்னொரு சாக்கும் என் மனத்தில் இருந்தது. அது பார்வைக்கு அழகானது. "பாவம், அயல்நாட்டில் படிக்க வந்த பிள்ளை; அவரிடமிருந்து நாம் வாங்கி உண்பதா? நாம் கொடுப்பதே முறை." இரக்கம் போலத் தோன்றும் இந்த எண்ணத்தை முறியடிப்பது பரீரா (ரலி) அவர்களின் வரலாறு.

பரீரா அடிமையாக இருந்து, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களால் வாங்கி விடுதலை செய்யப்பட்ட பெண்மணி. அவருக்கு யாரோ இறைச்சியைத் தருமமாகக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. நபிகளாருக்கோ ரொட்டியும் வீட்டிலிருந்த தொடுகறியும் மட்டுமே வைக்கப்பட்டன. பானையில் இறைச்சி இருக்கிறதே என்று கேட்டார்கள். அது பரீராவுக்கு ஸதகாவாக வந்தது, தாங்கள் ஸதகாவை உண்பதில்லையே என்று வீட்டார் கூறினர். அது பரீராவுக்குத்தான் ஸதகா, பரீரா நமக்குத் தரும்போது ஹதிய்யா என்று விளக்கினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள்.

இதிலிருந்து சட்ட மேதைகள் பெரிய விதி ஒன்றை வகுத்தார்கள். உடைமைக்குரிய காரணம் மாறும்போது, பொருளே மாறிவிட்டதாகக் கொள்ளப்படும். உஸ்மானியரின் சட்டத் தொகுப்பான மஜல்லாவிலும் இவ்விதி இடம்பெற்றது. நாங்கள் இதைச் சொத்துரிமைப் பாடமாகவே ஓதினோம், ஓதுவித்தோம். ஆனால் அந்தப் பானையருகே நின்ற பரீராவின் முகத்தை எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை அடிமை; இன்று தருமம் பெறுபவர். அவர் பானையிலிருந்து அல்லாஹ்வின் தூதர் கேட்டு வாங்கி உண்ண முன்வந்ததும், அந்தக் கணமே அவர் கொடுப்பவராக, விருந்தளிப்பவராக உயர்ந்துவிட்டார். இறைச்சி அதே இறைச்சிதான். மாறியது அந்தப் பெண்ணின் நிலை. அந்த உயர்வை அவருக்குக் கொடுக்க வேறெந்த வழி இருந்தது? கூடுதலாக ஒரு துண்டு இறைச்சியைத் தருமம் செய்திருந்தால் அவர் தருமம் பெறுபவராகவே நீடித்திருப்பார்.

என் வீட்டில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. ஹதிய்யாவாக வந்ததை நான் ஏற்காததால், அதற்கு முன் நாங்கள் அனுப்பிய வடையும் கஞ்சியும் ஸதகாவாகிவிட்டன. அந்தப் பிள்ளையைக் கையேந்தும் நிலையிலேயே நிறுத்திவைத்தேன். இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் இல்லத்துக்கு வந்தவர்கள், சுட்ட கன்றின் இறைச்சியை நோக்கிக் கை நீட்டாததைக் கண்டு அந்த நபி அச்சமுற்றார் என்று திருமறை கூறுகிறது. வந்தவர்கள் வானவர்கள், உண்ண முடியாதவர்கள். கொடுத்ததை ஏற்காத கை, கொடுத்தவன் உள்ளத்தில் என்ன செய்யும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? நான் வானவனும் அல்லேன்.

மொழியாசிரியனாக ஒரு சிறு குறுக்கீடு. தமிழில் விருந்து என்ற சொல்லின் முதற்பொருள் புதுமை; தொல்காப்பியம் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக இச்சொல்லை வைத்திருக்கிறது. அரபியில் விருந்தாளியைக் குறிக்கும் ளைஃப் என்ற சொல்லோ, ஒன்றன்பால் சாய்தல் என்ற வேரிலிருந்து வந்தது. இலக்கணத்தில் இரு பெயர்ச்சொற்களை இணைப்பதற்கும் இதே வேரிலிருந்தே இளாஃபத் என்று பெயரிட்டார்கள். இணைகின்ற முதற்சொல்லாகிய முளாஃப் தன் தன்வீனை விட்டுவிட வேண்டும். அதை வைத்துக்கொண்டு இணைய முடியாது. மாணவன் தன்வீனோடு வாசித்தால் நான் மேசையைத் தட்டுவேன். என் மேசையை யார் தட்டுவது?

புளியஞ்சோலைக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 18ஆம் நாள் வத் மதனியும் வீழ்ந்தது. அந்தத் தாயார் மீண்டும் மூட்டை கட்டி, கிழக்கே கஸ்ஸலாவுக்குப் போனார். மகன் இங்கே எவரிடமும் பேசாமல் அறைக்குள் முடங்கினார். பொங்கல் விடுமுறையில், 2024 ஜனவரியில், நானும் மத்ரஸா நண்பர்கள் இருவரும் வற்புறுத்தி அவரைப் புளியஞ்சோலைக்கு அழைத்துச் சென்றோம். அருவிக்கரையில் கூட்டம் நெருக்கியடித்தது. அடிவாரத்தில் என் நண்பருக்கு நெடுநாள் பழக்கமான விவசாயி ஒருவரின் தோட்டம் இருந்தது. சகோதர சமயத்தவர். அங்கே போய் அமர்ந்தோம்.

அவர் அந்த ஆண்டு கொஞ்சம் சோளம் விதைத்து அறுத்திருந்தார். அந்த வட்டாரத்தில் இப்போது மக்காச்சோளம் பெருகிவிட்டது. பழைய வெள்ளைச்சோளத்தை வீட்டுத் தேவைக்கும் மாட்டுத் தீவனத்துக்குமாகச் சிலர் விதைக்கிறார்கள். அவருடைய முதிய தாயார் விறகடுப்பில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தார். மாவின் மணம் எழுந்ததும், திண்ணையில் தலை கவிழ்ந்திருந்த நம் மாணவர் எழுந்து அடுப்பருகே போய்விட்டார். "அஸீதா!" என்றார். அவர் நாட்டிலும் சோள மாவைக் கொதிநீரில் கிளறிக் கட்டியாக்கி உண்பார்கள், அதற்கு அப்பெயர். துடுப்பைத் தம்மிடம் தருமாறு சைகையால் கேட்டார். அந்த மூதாட்டி ஒரு கணம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துடுப்பைக் கொடுத்துவிட்டார். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கட்டி தட்டாமல், பானையின் ஓரத்தில் அழுத்தி அழுத்தி, பழகிய கையால் அவர் கிண்டிய அழகை நாங்கள் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தட்டில் களி உருண்டையை வைத்ததும் அவர் நடுவிலே விரலால் குழி பறித்தார். கீரைக் கடைசலுக்கான குழி. மூதாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நம்மூருப் புள்ளையாட்டம் குழி வெச்சுத் திங்குதே! ஆரு கண்ணு சொல்லிக் குடுத்தாங்க?" என்றார். நான் மொழிபெயர்த்தேன். "என் ஹப்பூபா" என்றார் அவர். ஸூடானிய வழக்கில் பாட்டி என்று பொருள். அச்சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமலே அந்த அம்மையார் புரிந்துகொண்டார். இன்னொரு உருண்டை வந்து விழுந்தது.

சோளம் நம் நாட்டுத் தானியம் என்றே நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று. கிழக்கு ஸூடானில், கஸ்ஸலாவுக்கு அருகிலுள்ள வட்டாரத்தில் கிடைத்த பழங்கால மட்பாண்டத் துண்டுகளில் பதிந்திருந்த சோளமணிகளின் அச்சுகளை ஆராய்ந்த அறிஞர்கள், கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டிலேயே அங்கு சோளம் பயிராக்கப்பட்டு வந்தது என்று 2017இல் வெளியிட்டார்கள். அங்கிருந்து கடல் கடந்து, கி.மு. 2ஆம் ஆயிரத்தாண்டு வாக்கில் அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்தும், கம்பு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவையே. யாரோ ஒரு மாலுமியோ வணிகனோ ஒரு மூட்டைத் தானியத்தைக் கரையிறக்க, இங்கே யாரோ ஒருவர் அதைத் தென்னை மரத்தடியில் கொட்டாமல் வாங்கி விதைத்திருக்கிறார். கொல்லிமலை அடிவாரத்து அடுப்பில் அன்று வெந்தது, அந்த மாணவரின் தாய் அடைக்கலம் புகுந்திருந்த மண்ணின் தானியம். அந்தத் திண்ணையில் யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உண்டு முடித்து ஐயாற்றில் உளூச் செய்யப் போனபோது, பாறையில் உட்கார்ந்து அவரிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பானத்தை நாங்கள் பருகவில்லை, நானே கொட்டினேன், நன்றாக இருந்தது என்றது பொய் என்று. இலக்கண அரபி அப்போது எனக்குக் கைகொடுக்கவில்லை, தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன்.

"தெரியும், உஸ்தாத்" என்றார் அவர். "எறும்புகளைப் பார்த்தேன்."

சற்று நேரம் தண்ணீரின் ஓசைதான் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "அம்மாவிடம் மட்டும், நீங்கள் எல்லாரும் விரும்பிக் குடித்தீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்."

கொட்டியது நான், அதற்காகத் தாயிடம் பொய் சொல்ல நேர்ந்தது அவருக்கு. அன்று திரும்பும்போது அந்த விவசாயி இரண்டு படி சோளத்தைப் பையில் கட்டி எங்களிடம் கொடுத்தார். பணம் கொடுக்கப் பையில் கைவிட்ட நான், பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் வீட்டார் சினந்துகொண்டார். "வாசனை பிடிக்கவில்லை என்றுதான் நான் சொன்னேன். கொட்டச் சொன்னேனா? கேட்டிருந்தால் ஒரு வாய் குடித்துப் பார்த்திருப்பேனே" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. மறுவாரமே சோளத்தை ஊறவைத்து ஈரத்துணியில் முளைகட்டினார். மொட்டை மாடியில் காயவைத்து மாவு மில்லுக்கு அனுப்பினார். மாணவர் நின்று வழிகாட்ட, மாவு புளித்து, வீடெங்கும் பழைய வாடை எழுந்தது. பிள்ளைகள் மீண்டும் மூக்கைப் பொத்தினார்கள்; மூத்தவள் மட்டும் கரண்டியை வாங்கிக் கலக்கினாள். தோசைக்கல்லில் ஏடு ஏடாக வார்த்தார்கள். முதல் நான்கு கருகின. ஐந்தாவது சரியாக வந்தது என்று அவர் சொன்னார்.

2024 மார்ச் 12ஆம் நாள் முதல் நோன்பு. அன்று மாலை ஊறவைத்த ஹுலூ முர்ரை வடித்துக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினார்கள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டு, அடுத்து அதைப் பருகினேன். முதலில் இனிப்பு; தொண்டையில் இறங்கும்போது புளிப்பும், பிறகு மெல்லிய கசப்பும். உண்மையைச் சொல்வதாயின், இரண்டாம் மடக்கு வரை எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் மடக்கில் கருஞ்சீரகம் தெரிந்தது.

மஃரிபு தொழுது வந்தபின், கஸ்ஸலாவிலிருந்த தாயாரைத் தொலைபேசியின் திரையில் அழைத்தார் மகன். தலையில் வெள்ளைத் துணி போர்த்திய முகம். என் வீட்டார் தமிழில் ஸலாமும் நலமும் கேட்க, அவர் அரபியில் மறுமொழி கூற, நடுவில் நான். பிறகு அவர் கேட்டார்: "போன ஆண்டு நான் அனுப்பியதைப் போல வந்திருக்கிறதா?"

மாணவர் தரையைப் பார்த்தார். நான் அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னேன். என் வீட்டார் என்னை நிமிர்ந்து பார்த்து, "நடந்ததைச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

சொன்னேன். தென்னை மரத்தையும் எறும்புகளையும் விடாமல் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று மகன் திரையைத் தட்டினார். அறுபடவில்லை. அந்த அம்மையார் தலைத்துணியின் ஓரத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும் இருந்தார் என்றே நினைக்கிறேன். "எறும்புகளுக்கு ரமளான் ரிஸ்க் கிடைத்திருக்கிறது" என்றார். பிறகு குரலைத் தெளிவாக்கிக்கொண்டு, இன்று எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள் என்று கேட்டார்.

ஒரு மணி நேரம் என்றோம். போதாது என்றார்.